அம்மனின் வலது கண்

“இன்னொரு கண்ணை மட்டும் மெஷினே வரைஞ்சிடுமா, டீச்சர்?” என்று கேட்டார் தாண்டவராயன்.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. டீச்சர் ஸ்டெல்லாவுக்கு இருபத்தேழு. நாற்பது வருஷமாகக் கோயில் சுவர்களில் சாமி வரைந்த மனுஷன், மூன்று மாதமாக அவளிடம் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டிருந்தார். இந்த வருஷத் திருவிழாவில் அங்காளம்மனைப் பெரிய எல்.இ.டி. திரையில் காட்டப்போகிறார்கள். வரைந்து தருவதாக வாக்குக் கொடுத்திருப்பவர் இவர்.

கிரீடம், சூலம், நாக்கு எல்லாம் கச்சிதம். இடது கண்ணும் ஆயிற்று. வலது கண்ணுக்கு வந்தவர் நான்கு நாளாக அங்கேயே நிற்கிறார்.

“ஏன் ஐயா, நீங்களே வரையலாமே?”

“பயமா இருக்கு.”

வெட்கப்படாமல் சொன்னார். ஒரு கண் இருக்கும்வரை அது வெறும் படம். இரண்டாவதும் திறந்துவிட்டால் அம்மன் பார்ப்பாள். முதலில் பார்ப்பது வரைந்தவனைத்தான். கோடு பிசகினால் அவன் கண்ணைப் பறித்துக்கொள்வாள் என்பது அவர் குடும்பத்து நம்பிக்கை. அவர் அப்பா கடைசி ஒன்பது வருஷம் பார்வையில்லாமல்தான் கிடந்தார். இவருக்கும் ஆறு மாதமாக ஓரமெல்லாம் மங்குகிறது.

“சுவர்ல மட்டும் தைரியமா வரைஞ்சீங்க?”

“எங்க தைரியம்? ஒவ்வொரு தடவையும் செத்துப் பொழைச்சேன். அங்க வேற வழியில்லை.” குரலைத் தாழ்த்தினார். “மெஷின் போட்டா, தப்பு மெஷினோடதுதானே?”

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. இடது கண்ணை நகலெடுத்தாள், திருப்பினாள், வலப்பக்கம் வைத்தாள். ஒரு தும்மல் போடும் நேரம்கூட ஆகவில்லை.

தாண்டவராயனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு கண்ணும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. மயிரிழைகூடப் பிசகில்லை.

“சரியா இருக்கா ஐயா?”

“பிரமாதம் டீச்சர்.”

“அப்ப கும்பிடுங்க.”

கையைத் தூக்கினார். நெஞ்சு வரை வந்த கை அங்கேயே நின்றுவிட்டது.

இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார். அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார். அம்மன் யாரையும் பார்க்கவில்லை. துணிக்கடை பொம்மைக்கு நகை பூட்டிய மாதிரி நின்றாள்.

திருவிழாவன்று ஊரே அந்தப் பெரிய திரைக்கு முன்னால்தான் வந்து நிற்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்று எவளாவது ஒருத்தி வந்து அழுவாள். அவளை யார் பார்ப்பது?

அவருக்குப் பயம் வந்தது. இது வேறு பயம். முன்னதைவிடப் பெரிய பயம்.

“எடுத்துடுங்க டீச்சர்.”

எடுத்தாள். திரையில் வரையும் பேனாவை அவர் கையில் கொடுத்தாள்.

முனை திரைக் கண்ணாடியைத் தொட்டதும் கை உதறத் தொடங்கியது. கோடு நெளிந்தது. நெற்றி வேர்வை மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அவர் படும் பாட்டைப் பார்த்து ஸ்டெல்லாவுக்கே மனசு கேட்கவில்லை.

“ஐயா, கை நடுங்கினாலும் கோடு வழவழன்னு விழ இதுல ஒரு வசதி இருக்கு. போட்டுவிடவா? நீங்க நடுங்கினது யாருக்கும் தெரியாது.”

தாண்டவராயன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வேணாம் டீச்சர். அவளுக்குத் தெரியட்டும்.”