தாலிப் பொன்னில் ஓர் ஒட்டியாணம்

முன்னொரு காலத்துல வெண்கானல் நாட்டைச் செங்குடையான்னு ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான்னு சொல்றதைவிட ஆட்டிவச்சான்னு சொல்லலாம்.

ஒருநாள் அவனோட இளையராணி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. "என்மேல ஆசை இருந்தா, இதுவரைக்கும் எவளும் போடாத நகை ஒண்ணு போடுங்க."

மந்திரி நல்லம்பியை எப்படா கவிழ்க்கலாம்னு காத்திருந்தவன் பொக்கிஷ அதிகாரி குழைக்காதன். ராஜா சபையில இதைச் சொன்னதும் முந்திக்கிட்டு எழுந்தான். "மகாராஜா, அன்புக்கு அடையாளம் தாலிப் பொன்னுதான். அரண்மனை நீங்கலா, நாட்டுல இருக்கிற தாலியெல்லாம் உருக்கி ஒரே ஒட்டியாணமா செஞ்சா, ஊர் அன்பு மொத்தமும் ராணி இடுப்புல!"

"வேண்டாம் மகாராஜா, பொம்பளைங்க வயிற்றெரிச்சலைக் கொட்டிக்காதீங்க"ன்னார் மந்திரி.

"பொறாமை!"ன்னான் குழைக்காதன். ராஜாவும் தலையாட்டிட்டான்.

சேவகர்கள் வீடு வீடாப் புகுந்தாங்க. அந்த அழுகையை என்னன்னு சொல்ல! குருவம்மான்னு ஒருத்தி. அவ புருஷன் இதே ராஜாவுக்காகச் சண்டைக்குப் போய் நாலு வருஷம், ஒரு தகவலும் இல்லை. "இது கழுத்துல கிடக்கிற வரைக்கும் அவரு எங்கயோ இருக்காருய்யா, விட்டுருங்க"ன்னு காலைப் பிடிச்சா. அறுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, பாவிங்க.

ஒட்டியாணம் தயாராச்சு. மறுநாள் காலையில சபையில ஈ காக்கா இல்லை. வாசல்ல காவல் இல்லை, அடுப்படியில புகை இல்லை, யானை பசியில பிளிறுது. மந்திரி மட்டும் கோடித்துணியைப் போர்த்திக்கிட்டு வந்து நின்னார்.

"எங்கய்யா எல்லாரும்?"ன்னான் ராஜா.

"செத்துட்டோம் மகாராஜா. பெண்டாட்டி தாலி இறங்கினா புருஷன் போயிட்டான்னுதானே அர்த்தம்? உங்க ஆணைப்படி நேத்தே காலமாயிட்டோம். செத்தவன் எப்படி வேலைக்கு வருவான்?"

பின்னாலேயே ஓடிவந்தான் குழைக்காதன். "நான் உயிரோடதான் இருக்கேன் மகாராஜா! என் பெண்டாட்டி தாலி பத்திரமா இருக்கு!" சொன்னப்புறம்தான் நாக்கைக் கடிச்சான்.

ராஜாவுக்கு முகம் சிவந்துபோச்சு. "அப்போ உயிரோட இருக்கிற ஆம்பளை நீ ஒருத்தன்தானா? போ, தண்ணி இறை, சோறு வடி, யானைக்கொட்டிலைக் கூட்டு!"

தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். ஒட்டியாணத்தை உருக்கி, வீட்டுக்கொரு தாலியா வார்த்துச் சபையிலேயே குடுத்தாங்க. புருஷன்மார் வெட்கத்தோட மறுபடி கட்டினாங்க. ஊரே சிரிச்சுது.

குருவம்மா மட்டும் தாலியை உள்ளங்கையில வச்சுக்கிட்டு நின்னா.

"பொன்னைக் குடுத்துட்டீங்க மகாராஜா. இதைக் கட்டுறதுக்கு யாரு வருவா?"

ராஜா மந்திரியைப் பார்த்தான். எதுக்கும் பதில் வச்சிருக்கிற அந்த மனுஷன் முத்துமாலையைக் கழற்றிக் கீழே வச்சுட்டு, முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதார்.