கிளிவிடு குன்றின் மறுபக்கம்

வாருங்கள், வாருங்கள். முன்வரிசைக்காரர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பின்னால் இருப்பவர்கள் கழுத்தை நீட்ட வேண்டாம், என் குரல் உங்களுக்கும் எட்டும். கையில் முறுக்கு வைத்திருப்பவர்கள் இப்போதே கடித்து முடித்துவிடுங்கள். இந்தக் கதை ஓட ஆரம்பித்தால் மெல்வதற்கு நேரம் இருக்காது.

அரசர்கள் தெருவில் நடந்து வந்து, குடிமக்கள் வீட்டு வாசலில் நின்று மோர் வாங்கிக் குடித்த காலம் அது. அப்போது கிள்ளை நாடு என்று ஒரு சின்ன நாடு இருந்தது. வீட்டுக்கு வீடு கிளி. அடுப்படியில் கிளி, கடைவாசலில் கிளி, கோவில் மடப்பள்ளியில் கிளி. விடிந்தால் சேவல் கூவுவதுகூட யார் காதிலும் விழாது.

அந்த நாட்டை ஆண்டவன் ஆதன். நல்ல மனசு, நல்ல பசி, நல்ல தொந்தி. யார் எது சொன்னாலும் நம்புவான், நம்பியதை ஊர் முழுக்கச் சொல்லி மகிழ்வான்.

அவனிடம் முரசறைந்து செய்தி சொல்பவன் அந்துவன். அரசன் ஆணையை ஊருக்குச் சொல்வது அவன் வேலை. அவன் தோளில் எப்போதும் பவளம் என்ற கிளி உட்கார்ந்திருக்கும். அந்துவன் முரசை ஓங்கி அடிப்பான். உடனே பவளம், “கேளுங்க, கேளுங்க, கேளுங்க” என்று கத்தும். பிறகுதான் அந்துவன் வாயைத் திறப்பான். உண்மையைச் சொல்லட்டுமா? சனங்கள் ஓடி வந்தது ஆணையைக் கேட்க அல்ல, பவளத்தைக் கேட்கத்தான்.

காலம் யாரை விட்டது? பவளத்துக்கும் வயதாகிவிட்டது. கண்ணில் வெள்ளை படர்ந்தது. அலகு வளர்ந்து வளைந்து, நெல்லை உடைக்க முடியாமல் போனது. கால் வீங்கியது. ஒருநாள் தோளிலிருந்து சறுக்கிக் கீழே விழுந்து, எழுந்திருக்கத் தெரியாமல் அப்படியே கிடந்தது. அன்றைக்கு அந்துவன் சோறு தின்னவில்லை.

அவன் மனைவி எயினி மட்டும் கலங்கி உட்காரவில்லை. கூண்டுக் குச்சியில் பழைய துணியைச் சுற்றினாள், வீங்கிய காலுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று. தண்ணீர்க் கிண்ணத்தைக் கீழே இறக்கி வைத்தாள், ஏற முடியாத கிளிக்கு எட்டட்டும் என்று. தினையை ஊறவைத்து மசித்து விரல்நுனியில் எடுத்து ஊட்டினாள், உடைக்க முடியாத அலகு நோகாமல் தின்னட்டும் என்று. கூண்டுக்குள் கை விடும்முன் இரண்டு தட்டுத் தட்டுவாள். பார்வை இல்லாத உயிர் திடீரென்று கை பட்டால் பயந்துவிடும் அல்லவா? காலை வெயிலில் கூண்டை வைத்து, காக்கை வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்வாள்.

பவளம் குமரியாகிவிடவில்லை. ஆனால் தின்றது, தூங்கியது, எயினியின் கட்டைவிரலைச் செல்லமாகக் கடித்தது. அவர்களுக்கு அது போதும்.

இப்போதுதான் வம்பு வருகிறது, நிமிர்ந்து உட்காருங்கள்.

கிள்ளை நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கிளிக்கு வயதாகிவிட்டால் அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை கிளிவிடு திருநாள் வரும். கிழக்கிளிகளின் காலில் ஒரு வளையம் மாட்டி, ஊருக்கு வெளியே உள்ள குன்றுக்கு ஊர்வலமாக எடுத்துப்போவார்கள். உச்சிவேளையில் முரசு ஒலிக்கும். எல்லாரும் குன்றின் விளிம்பில் கிளியை விடுவார்கள். “போ, காட்டுக்குப் போ, உனக்கு விடுதலை” என்பார்கள். பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து பாயசம் சாப்பிடுவார்கள். திரும்பிப் பார்த்தால் புண்ணியம் போய்விடுமாம்.

அந்தத் திருநாளை ஆண்டுதோறும் முரசறைந்து சொன்னவன் யார்? நம் அந்துவன்தான். அவனும் நம்பித்தான் சொன்னான்.

அடுத்த வீட்டுக் கொற்றனிடம் ஒரு கிழக்கிளி இருந்தது. சிடுசிடு என்று கத்தும், கூண்டெல்லாம் அசிங்கம் பண்ணும். அதை எப்போதடா தொலைப்போம் என்று காத்திருந்தவன் அவன். அந்துவன் வீட்டில் மட்டும் கிழக்கிளிக்கு உபசாரம் நடப்பதைப் பார்த்து அவனுக்குப் பொறுக்கவில்லை. நேரே அரண்மனைக்குப் போய்ப் போட்டுக்கொடுத்துவிட்டான்.

அரசன் அந்துவனைக் கூப்பிட்டு அனுப்பினான். கோபத்தைவிட அவனுக்கு வருத்தம்தான் அதிகம்.

“ஏன்டா அந்துவா, ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நீயே கிளியை அடைச்சு வைக்கலாமா? பாவமில்லையா? நான் போன வருசம் என் மாணிக்கத்தை விட்டேனே. அழுதுக்கிட்டேதான் விட்டேன். இந்தத் திருநாளில் நீ பவளத்தை விடு. இல்லேன்னா முரசைக் குடுத்துட்டு நாட்டைவிட்டுப் போயிடு.”

அந்துவன் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். முரசு போனால் பிழைப்புப் போயிற்று. நாடு போனால் எல்லாம் போயிற்று. பவளம் போனால்?

“அரசர் சொல்றது நிசமா இருக்கலாம் எயினி. காட்டுல அதுக்குச் சொந்தபந்தம் இருக்கலாம்” என்றான்.

எயினி மசித்த தினையை ஊட்டிக்கொண்டே கேட்டாள். “குச்சியிலேருந்து கிண்ணத்துக்கு இறங்க முடியாத பிள்ளை, குன்றிலேருந்து காட்டுக்கு எப்படிங்க போகும்?”

கேட்கும்போதே அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

திருநாளும் வந்தது. மேளம் என்ன, கொம்பு என்ன, தோரணம் என்ன! குன்றின்மேல் ஊரே கூடிவிட்டது. விளிம்பு நெடுகக் கூண்டுகள். சூரியன் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தான். அந்துவன் முரசோடு நடுவில் நின்றான். பக்கத்தில் பவளத்தின் கூண்டு.

எயினி அரசன் முன்னால் போய்க் கும்பிட்டாள்.

“மகாராசா, எங்க பவளத்துக்குக் கண் தெரியாது. நான் கீழே போய் நின்னு, அதைக் காட்டுல இருக்கிற கிளிங்ககிட்ட ஒப்படைச்சிட்டு வரேன். உத்தரவு குடுங்க.”

கூட்டம் முணுமுணுத்தது. கொற்றன், “அதெப்படி? திரும்பிப் பார்க்கவே கூடாது. கீழே வேற போறதா?” என்று கத்தினான்.

“திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னுதானே வழக்கம்? முன்னாலேயே போய் நிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே” என்றாள் எயினி.

அரசன் தாடியைத் தடவினான். அமைச்சர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க ஒருவராலும் முடியவில்லை. அரசனுக்கோ உள்ளுக்குள் ஆசை பொங்கிவிட்டது.

“நானும் வரேன். என் மாணிக்கத்தைப் பார்த்து எத்தனை நாளாச்சு! அந்துவா, உச்சி ஆனதும் முரசை அடிச்சிடு. கிளியெல்லாம் பறந்து இறங்குறதை நான் கீழே நின்னு பார்க்கிறேன்” என்று சொல்லி, குழந்தை மாதிரி எயினிக்கு முன்னால் நடந்தான்.

குன்றின் மறுபக்கம் முள்ளும் கல்லுமாகக் கிடந்தது. முதல் வளைவில் அரசன் நின்று காதைத் தீட்டினான். சத்தமே இல்லை. “தின்னுட்டுத் தூங்குதுங்க” என்றான். இரண்டாம் வளைவில் மறுபடி நின்றான். சத்தமே இல்லை. “தண்ணி குடிக்கப் போயிருக்குங்க” என்றான். மூன்றாம் வளைவில் குன்றின் அடிவாரம் தெரிந்தது.

காடு எங்கேயோ தொலைவில் இருந்தது. அடிவாரத்தில் பாறைதான் இருந்தது. பாறை இடுக்கெல்லாம் வெளுத்துப்போன பச்சை இறகு. இறகுக்கு நடுவே சின்னச் சின்ன எலும்பு. எலும்புகளில் வளையங்கள்.

அரசன் குனிந்து ஒரு பொன் வளையத்தை எடுத்தான். ஊரில் பொன் வளையம் மாட்டிய கிளி ஒன்றே ஒன்றுதான். “மாணிக்கம் பறக்கவே இல்லையா?” என்று கேட்டான். எயினியின் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் அழ நேரம் எங்கே இருந்தது?

“மகாராசா, நிழல் காலடிக்கு வந்துடுச்சு. மேலே முரசு அடிச்சிடுவாங்க. ஓடுங்க.”

ஓடினான் ஐயா, ஓடினான்! தொந்தி குலுங்க ஓடினான். ஒரு வளைவில் செருப்புப் போனது. ஒரு வளைவில் மேலாடை முள்ளில் மாட்டிக்கொண்டது. ஒரு வளைவில் கிரீடமே உருண்டு போனது. எதையும் எடுக்க அவன் நிற்கவில்லை.

மேலே என்ன நடந்தது தெரியுமா? உச்சிவேளை வந்தேவிட்டது. “அடி, அடி” என்று கூட்டம் கத்தியது. கீழே இருப்பது என்ன என்று அந்துவனுக்குத் தெரியாது. ஆனால் கை எழவில்லை. கூண்டுக்குள் பவளம் துணி சுற்றிய குச்சியில் குறுகி உட்கார்ந்திருந்தது.

“தோல் தளர்ந்திருக்கு, கொஞ்சம் சூடு காட்டணும்” என்று முரசைத் தீயில் வாட்டினான். வாட்டி முடிந்தது. “கோல் பிளந்திருக்கு, நார் சுத்தணும்” என்று கோலுக்கு நார் சுற்றினான். சுற்றி முடிந்தது. “பொறுங்க, தும்மல் வருது” என்றான். எவ்வளவு நேரம்தான் ஒருவன் தும்மலுக்காகக் காத்திருக்க முடியும்?

அப்போது பாதையில் அரசன் தலை தெரிந்தது. மூச்சு வாங்கியதில் அவனுக்குப் பேச்சே வரவில்லை. இரண்டு கையையும் வீசி வீசிக் காட்டினான்.

“பாருங்க, அரசரே அடிக்கச் சொல்றாரு” என்று கொற்றன் பாய்ந்து கோலைப் பிடுங்கி ஓங்கினான். கூண்டுக் கதவுகள் திறந்தன. அரசன் ஒரே தாவாகத் தாவி முரசின்மேல் குப்புற விழுந்தான். கோல் இறங்கியது. டமார் என்ற சத்தம் வரவில்லை. பொத்தென்று ஒரு சத்தம் வந்தது, அரசன் முதுகிலிருந்து.

கொற்றன் கையிலிருந்து கோல் நழுவியது. அரசன் முதுகைத் தேய்க்கக்கூட இல்லை. உள்ளங்கையை விரித்து வளையத்தைக் காட்டினான்.

“பறக்கலை. ஒண்ணுகூடப் பறக்கலை. நாம திரும்பிப் பார்க்கவே இல்லையே” என்று மட்டும் சொல்லி அழுதான்.

கூட்டம் மெல்ல விளிம்புக்கு வந்து, அத்தனை ஆண்டில் முதல்முறையாகக் கீழே எட்டிப் பார்த்தது. அங்கே எயினி நின்றாள். மேலே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, அண்ணாந்து பார்த்தபடி, பாறையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தாள். எந்தக் கிளி விழுந்தாலும் பிடிக்க வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு முந்தானையில் எத்தனை கிளியைப் பிடிப்பாள் என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அதைப் பார்த்ததும் திறந்த கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. ஒரு பெண் கூண்டைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்துவன் விளிம்பில் நின்று, “எயினி, யாரும் விடலை. மேலே வந்துடு” என்று கூவினான்.

பவளம் அப்போது என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? அது தூங்கிவிட்டது. கிழக்கிளிக்கு உச்சிவேளையில் வேறென்ன வேலை?

மறுநாள் அந்துவன் தெருத்தெருவாகப் புது ஆணையை அறைந்தான். கிளிவிடு திருநாள் இனி இல்லை. வளர்த்தவர்களே கடைசிவரை வைத்துக் காப்பாற்ற வேண்டும். எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியாதவர்கள் எயினியிடம் வந்து கேட்கலாம்.

முதல் ஆளாக வந்து நின்றவன் கொற்றன். கையில் அந்தச் சிடுசிடுக் கிளி. “நேத்திலேருந்து எதுவும் திங்கலை. என்ன செய்யணும்மா?” என்றான். எயினி ஒன்றும் குத்திக்காட்டவில்லை. கிளியின் வாயைத் திறந்து பார்த்தாள். உள்ளே புண். அதனால்தான் அத்தனை நாளும் அது கத்தியிருக்கிறது. கொற்றன் தலை தாழ்ந்துவிட்டது.

பவளம் அடுத்த மழைக்காலம்வரை இருந்தது. தினையும் தின்றது, வெயிலும் காய்ந்தது. ஒரு காலைப்பொழுதில் எயினியின் மடியில், அந்துவனின் விரலைக் காலால் பற்றியபடியே, மெதுவாக அடங்கியது. இருவரும் வாய்விட்டு அழுதார்கள். ஆனால் அது கீழே விழுந்து, தனியாகச் சாகவில்லை.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே: நம்மை நம்பி வளர்ந்த உயிர் முதுமையில் தளரும்போது, அதைக் கைவிட்டுவிட்டு அதற்கு விடுதலை என்று பெயர் வைக்காமல், கடைசி மூச்சுவரை கூட இருந்து காப்பதே அறம்.