திட்டாமல் செத்த வீரன்

ஒரு ஊரில் சேதிகளுக்கெல்லாம் வாசலை அடைத்துவிட்டார்கள். கடிதம் போகாது, படம் போகாது, பாட்டுகூடப் போகாது. ராஜாவின் மகன் அழுது ரகளை பண்ணுவானே என்று ஆன்லைன் விளையாட்டை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அந்த ஊரில் பொற்கொடி என்று ஒருத்தி. வெளியூரில் இருக்கும் அவள் தம்பி சேந்தன் மறுநாள் ரயிலில் வந்து இறங்கினால், ராஜாவின் ஆட்கள் அப்படியே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். ‘வராதே’ என்று சொல்லியாக வேண்டும். அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆடும் சண்டை விளையாட்டுக்குள் ஒரு குட்டிச் சேதியை இறக்கிவிட்டாள்.

சேதி நேரே குதியிடம் போனது. வீரன் எம்பிக் குதித்தால் அதை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பது குதியின் வேலை.

“அண்ணே, உங்க முதுகுல ஏறிக்கவா?”

“ஏறிக்க. ஒரு நெட்டைக் குதி, ஒரு குட்டைக் குதின்னு போடறேன். சின்னப் பிள்ளையில அக்காவும் தம்பியும் சுவத்தைத் தட்டிப் பேசிக்குவாங்களே, அதே கணக்கு.”

கிளம்பினார்கள். சேதிகளைத் தடுக்கக் காவல் நின்ற வாசல் எட்டிப் பார்த்தது. பொற்கொடியின் வீரன் ஒரு புதரடியில் குதித்துக்கொண்டிருந்தான். எவனோ சுட்டான், வீரன் செத்தான். சத்தம் காட்டாமல் எழுந்து மறுபடி குதித்தான். அந்த எவனோ மறுபடி சுட்டான். வீரன் மறுபடி குதித்தான்.

“நில்லு!” என்றது வாசல். “சுட்டவன் வம்சத்தையே இழுக்காம இங்க எவன்டா செத்திருக்கான்? இவன் என்ன சாமியாரா?”

சேதி வசவு ஒன்றைத் தேடிப் பார்த்தது. நல்ல வளர்ப்பு, ஒரு வசவு தெரியாது. ஆனாலும் கண்ணை இறுக மூடிக்கொண்டு பொற்கொடியின் குரலில் கத்தியது:

“டேய், மறைஞ்சு நின்னு சுடற மங்குனி! இன்டர்நெட்டு மட்டும் இழுத்தடிக்காம இருந்திருந்தா உன்னை நார் நாராக் கிழிச்சிருப்பேன், பூசணிக்கா மண்டையா!”

“அது! இப்பத்தான் ஆடறவன் மாதிரி இருக்கு. போ, போ” என்றது வாசல்.

அங்கே சேந்தன் குதிகளை விரலால் தட்டிக் கூட்டினான். ‘வராதே’ என்று வந்தது. கூடவே வந்த வசவையும் கேட்டான். அக்கா யாரையும் திட்டி அவன் கேட்டதே இல்லை. வாசல் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது என்று புரிந்துபோனது. ரயில் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, ‘வரலைக்கா, நீ பத்திரம்’ என்று குதித்தான். குதித்துக்கொண்டே தொண்டை கிழியக் கத்தினான்:

“எருமை! உன் கையில எவன் போனைக் குடுத்தான்? இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காதே!”

பொற்கொடி போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

வாசல் தலையில் அடித்துக்கொண்டது. “கர்மம். இதுங்க ரெண்டுக்கும் ஜென்மத்துக்கும் ஆகாது.”