ஆறிய பிறகு அளந்தவர்

கற்றுக்கொடுப்பவருக்கு வயது முப்பத்தாறு. கற்றுக்கொள்பவருக்கு ஐம்பத்து மூன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சிரிக்க வேண்டியவர்கள் எல்லாம் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.

ஃபிளாவியா தூத்துக்குடியில் ஓவன், மிக்சி, வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். முன்பு ஐ.டி.ஐ.யில் பாடம் எடுத்ததால் ஊருக்கே டீச்சர். சவரிராயன் இருபத்தாறு வருடம் கப்பலின் எஞ்சின் அறையில் வெந்துவிட்டுக் கரைக்கு வந்தவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் டீச்சரிடம் வேலை பழக வந்தார். ஒரு வருடம் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். போன வாரம்தான் டீச்சர் அவரை முதல் தடவையாக ஒரு வீட்டுக்குத் தனியே அனுப்பினார்.

அந்த வீட்டு மாடிப்படியில்தான் இப்போது இருவரும் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, போன வாரம் இங்க சென்சார் மாத்துனீங்கள்லா?"

"ஆமா டீச்சர். பழசு செத்துப்போச்சு. புதுசு போட்டேன்."

"ஜாயின்ட் எல்லாம் எப்படிப் போட்டீங்க?"

"சரியாத்தான் போட்டேன்."

டீச்சர் தலையாட்டிவிட்டு மேலே ஏறினார். சவரிராயன் சொன்னது சுத்தப் பொய்.

அன்றைக்கு, ஓவன் சூட்டை அளக்கும் புதுச் சென்சாரின் ஒயரை இணைக்கப் பையைத் திறந்தபோது சூடு தாங்கும் பீங்கான் கனெக்டர் இல்லை. எடுத்து வைக்க மறந்துவிட்டார். ஒரு போன் போட்டிருந்தால் டீச்சர் கொடுத்து அனுப்பியிருப்பார். முதல் நாளே போன் போடுவதா என்று கௌரவம் தடுத்தது. ஒயரை முறுக்கி, சாதாரண டேப்பைச் சுற்றி, ஓவனின் முதுகுக்குள் செருகிவிட்டு வந்தார். ஓடியது. வந்துவிட்டார்.

கதவைத் திறந்த ஜெனோவாவின் கண் வீங்கியிருந்தது. வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். இன்று அவள் தங்கைக்குக் கல்யாணம். சாயங்காலம் ஆறு மணிக்கு வரவேற்பு. கேக்கைக் கடையில் வாங்கிவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னபோது, என் தங்கச்சி கேக் என் கையால்தான் என்று எல்லார் முன்னாலும் வாய் விட்டிருந்தாள்.

சமையலறை மேசையில் அந்தக் கேக் இருந்தது. மேலே கன்னங்கரேல். நடுவில் வெட்டிப் பார்த்ததில் உள்ளே மாவு.

"நூத்தி எண்பதுலதான் வச்சேன் டீச்சர். டிஸ்பிளேலயும் நூத்தி எண்பதுதான் காட்டுது. புதன்கிழமையும் இப்படித்தான் கருகிச்சு. வியாழக்கிழமை அண்ணாச்சி வந்து மீட்டர் வச்சுப் பாத்துட்டு, ஓவன்ல கொறை இல்ல, உங்க கைப்பக்குவத்தப் பாருங்கம்மான்னாங்க."

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட சவரிராயன் தாங்கியிருப்பார். உண்மை என்று நம்பிச் சொன்னாள்.

"இப்ப எவ்வளவு மாவு இருக்கு?" என்றார் டீச்சர்.

"இது ஒண்ணுதான். கேக்குல போடுற பழம் எல்லாம் தீந்துபோச்சு. நீங்க வந்தா அஞ்சு நிமிஷத்துல சரியாயிரும்னு மாவைக் கலக்கிட்டேன். கலக்குனது ரொம்ப நேரம் நிக்காது. இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம், அதுக்கு மேல போனா அமுங்கிரும்."

சவரிராயன் மளமளவென்று பிளக்கைப் பிடுங்கினார். மேல் மூடியைக் கழற்றி, சென்சார் ஒயரின் முனையில் மீட்டரை வைத்தார். காலையில் கருகிய கேக்கை எடுத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. எண் அசையாமல் நின்றது.

"பாருங்க டீச்சர். ஆயிரத்து நூத்தி இருபது ஓம். புத்தகத்துல உள்ளது அப்படியே இருக்கு. மீட்டர் பொய் சொல்லுமா?"

கப்பலில் மீட்டர் சொன்னால் சொன்னதுதான். அந்த நம்பிக்கையில் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தும் போனது.

"கேக் எப்பக் கருகுது?"

"ஓவன் நல்லாச் சூடான பெறகு."

"வியாழக்கிழமை நீங்க எப்ப அளந்தீங்க?"

"ஆறின பெறகுதான். சூட்டுல எப்படி டீச்சர் கை வைக்க?"

டீச்சர் மீட்டரை எடுத்துவிட்டு ஒயரை மறுபடி செருகினார், மூடியை மேலே சும்மா வைத்தார். பையிலிருந்து முள் வைத்த சின்னத் தெர்மாமீட்டரை எடுத்து ஓவனுக்குள் கம்பியில் தொங்கவிட்டார். நூற்றி எண்பதில் வைத்து ஸ்விட்சைப் போட்டார்.

"பதினஞ்சு நிமிஷம்" என்றார்.

"மாவு?" என்றாள் ஜெனோவா.

"தெரியும்மா. வேற வழி இல்ல."

மூன்று பேரும் நின்றார்கள். ஜெனோவா மாவுப் பாத்திரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மாவின் மேல் சின்னச் சின்னக் குமிழ்கள் உடைந்துகொண்டிருந்தன. சவரிராயன் எதையும் பார்க்கவில்லை. எப்படியாவது கோளாறு வேறு எங்காவது இருக்க வேண்டும் என்று மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனுஷன் வேண்டிக்கொள்ளும் காரியமா இது?

டிஸ்பிளே நூற்றி எண்பதைத் தொட்டது. கண்ணாடி வழியே தெரிந்த முள் இருநூற்று முப்பதில் நின்றது.

ஜெனோவா வாயைப் பொத்திக்கொண்டாள்.

டீச்சர் பிளக்கைப் பிடுங்கினார். ஆற விடவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு மூடியைத் தள்ளி, கொதிக்கும் ஓவனிலேயே மீட்டரை வைத்தார். அந்தச் சூட்டில் ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் நிற்க வேண்டிய எண் ஆயிரத்து எழுநூறு என்றது, ஆயிரத்து அறுநூற்றைம்பது என்றது, மறுபடி எழுநூறு என்றது. ஓரிடத்தில் நிலைக்கவே இல்லை.

"அளவு கொறைஞ்சா ஓவன் இன்னும் சூடாகலன்னு நெனச்சுக்கிட்டு மேல மேல எரியும்" என்றார் டீச்சர் ஜெனோவாவிடம். "சென்சாருக்கும் போர்டுக்கும் நடுவுல எங்கயோ ஒயர் ஒழுங்கா இல்ல."

"எங்கன்னு தெரியுமா டீச்சர்?"

"ஒவ்வொரு இடமாத்தான் பாக்கணும்."

டீச்சர் போர்டுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். ஒரு ஒயர். அதன் முனை. ஒரு கிளிப். துடைத்துப் பார்த்தார், அளந்து பார்த்தார். அடுத்த ஒயர். அவசரமே இல்லாத கை. கடிகாரத்தில் பத்தொன்பது நிமிடம் போயிருந்தது.

அவர் இருக்கும் இடத்திலிருந்து ஓவனின் முதுகுக்கு வர இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். சவரிராயனுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். டேப் எங்கே இருக்கிறது என்பதும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மாவு அமுங்கிப்போகும், அதற்குப் பிறகு டீச்சரே கண்டுபிடிப்பார். டேப் உருகிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு இந்தப் பெண் முன்னால் ஒன்றும் சொல்லாமல் விட்டாலும் விடுவார்.

ஜெனோவா மாவுப் பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்தபடி, சத்தம் வராமல் அழ ஆரம்பித்தாள். "கைப்பக்குவம் போயிருச்சுன்னு நெனச்சுத்தான் டீச்சர் மூணு நாளா பயந்து பயந்து கலக்குனேன்" என்றாள்.

"அங்க இல்ல டீச்சர்."

தன் குரல்தானா என்று சவரிராயனுக்கே சந்தேகமாக இருந்தது.

டீச்சரின் கை நின்றது.

"பின்னால. எடது பக்கம் கீழ, சூடு தடுக்குற பஞ்சுக்கு உள்ள. கனெக்டர் கொண்டு வரல நான். டேப்பச் சுத்தி வச்சிட்டுப் போயிட்டேன்." பிறகு ஜெனோவாவின் பக்கம் திரும்பினார். "உங்க கையில ஒரு கொறையும் இல்லம்மா. கொறை எல்லாம் என் கையிலதான். டேப் சுத்துனது தெரிஞ்சும் உங்க மேல பழியப் போட்டேன்."

ஜெனோவா அவரையே பார்த்தாள். திட்டவில்லை. அழுகை மட்டும் நின்றுவிட்டது.

டீச்சர் ஸ்க்ரூ டிரைவரை அவரிடம் நீட்டினார். பையிலிருந்து ஒரு பீங்கான் கனெக்டரை எடுத்து மேசையில் வைத்தார்.

நான்கே திருகாணி. பின்தகட்டைக் கழற்றியதும் டேப் உருகிய நாற்றம் முகத்தில் அடித்தது. இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. சவரிராயன் கையுறையோடு வெட்டினார், சீவினார், கனெக்டரில் இறுக்கினார். உள்ளங்கை சுட்டதை அப்புறம்தான் கவனித்தார். ஓவனை மறுபடி போட்டார்கள். டிஸ்பிளேயும் முள்ளும் நூற்றி எண்பதில் சேர்ந்து நின்றபோது முப்பத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

ஜெனோவா மாவை உள்ளே வைத்தாள்.

கேக் வெந்து முடியும்வரை யாரும் சமையலறையை விட்டு நகரவில்லை. கடைசியில் அவள் ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்றும் ஒட்டவில்லை. குச்சியைச் சவரிராயனிடமே கொடுத்தாள். "ஆறு மணிக்கு ரெண்டு பேரும் வந்துரணும்" என்று சொல்லிவிட்டு ஐசிங் கலக்கப் போனாள்.

படியிறங்கும்போது பாதி வழியில் சவரிராயன் நின்றார். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"என் வேலைதான் அதுன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியும். ஏறும்போதே தெரியும்."

"சந்தேகம் இருந்துச்சு."

"அப்ப என்கிட்ட நேராக் கேட்டிருக்கலாமே? அந்தப் பிள்ளை இவ்வளவு நேரம் தவிச்சிருக்க வேண்டாமே?"

டீச்சர் அவருடைய சுட்ட உள்ளங்கையைப் பார்த்தார்.

"இதே படியில கேட்டேனே அண்ணாச்சி. அப்ப நீங்க ஆறியிருந்தீங்க."