பதினாறு குதிரையும் ராஜாவின் கால் கட்டைவிரலும்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. பெரிய சிரிப்பு. அதை இப்போதே கொடுத்துவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் கடைசியில்தான் தருவேன். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு ராஜாவின் வலது கால் கட்டைவிரல் மேல் ஒரு கண் வைத்திருங்கள்.

கொண்டல்புரம் சமஸ்தானத்து ராஜா விஜயபூபதிக்கு ஒரு சின்ன மோட்டார் படகு. அதன் பின்பலகையில் நாலு குதிரைச் சக்தி என்ஜின் ஒன்று தொங்கும். ராஜா ஏரியில் இறங்கினால் தனியாகவா இறங்குவார்? முதலில் வெள்ளி நாற்காலி ஏறும். குடைக்காரர் ஏறுவார். சாமரம் வீசுபவர்கள் இரண்டு பேர் ஏறுவார்கள். புகழ்ந்து பாட ஒரு வித்துவான். கடைசியில் திவான் சபாபதி. அவர் கால் வைத்ததும் படகு "ஹக்" என்று ஒரு விக்கல் விக்கும். அரண்மனை வழக்கம் அப்படி.

அந்த மாதம் நடந்த படகுப் பந்தயத்தில் செங்கரை ஜமீன்தார் படகோட்டியை மட்டும் வைத்துக்கொண்டு விர்ரென்று முந்திப் போனார். போகிற போக்கில் துண்டை வேறு ஆட்டிக் காட்டினார். கரைக்கு வந்த ராஜா கோபத்தில் என்ஜினுக்கு ஓர் உதை விட்டார். பெட்ரோல் டாங்கியில் ஒரு குழி விழுந்தது. கட்டைவிரல் கத்தரிக்காயாக வீங்கியது.

மறுநாள் சபையில் திவான் குழைந்தார். "மகாராஜா, என் மச்சினனிடம் பதினாறு குதிரைச் சக்தியில் ஒரு என்ஜின் இருக்கிறது. மாட்டினால் படகு பறக்கும்!"

பொன்னுரங்கன் எழுந்தான். சபையின் விகடகவி. ஊரிலுள்ள எல்லாக் குரலும் அவன் தொண்டையில் குடியிருந்தன. திவான் குரலில் அவன் கூப்பிட்டால் திவானின் மனைவியே "இதோ வந்துட்டேங்க" என்பாள்.

"மகாராஜா, படகோட்டி முத்தழகு சொல்கிறான், பின்பலகை அப்பளம் மாதிரி இருக்கிறதாம். பதினாறைத் தொங்கவிட்டால் பலகை பிய்ந்துவிடும். முதலில் என்ஜின் முழுகும், அப்புறம் படகு, அதற்கப்புறம் தாங்கள். தங்களுக்கோ நீச்சல்..."

"அதைச் சபையில் சொல்லாதே!" என்று ராஜா சீறினார். "என்ஜின் வரட்டும். மாட்ட வேண்டியது உன் பொறுப்பு. வெள்ளிக்கிழமை மறுபந்தயம். தோற்றால் ஒரு வருஷம் நீ வாயே திறக்கக் கூடாது. ஒரு குரல் வரக் கூடாது. இருமல்கூட!"

ஒரு வருஷமா? ஒரு நாழிகை சும்மா இருந்தாலே பொன்னுரங்கனுக்குத் தொண்டை அரிக்கும்! மாட்டாவிட்டால் வாய் போச்சு. மாட்டினால் ராஜாவே போய்விடுவார்.

என்ஜின் பெட்டி வந்து இறங்கியது. பொன்னுரங்கனும் முத்தழகும் படகுக் கொட்டகையைச் சாத்திக்கொண்டார்கள். மூன்று நாளும் உள்ளே டங்கு டங்கென்று சுத்தியல் சத்தம்.

வெள்ளிக்கிழமை காலை. ஏரிக்கரை முழுக்க ஜனம். படகின் பின்னால் என்ஜினை மறைத்துப் பளபளவென்று ஒரு பித்தளை மூடி. பரிவாரம் ஏறத் தயாராக நின்றது. அப்போது கொட்டகைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரக் குரல் அலறியது.

"ஏய் மேன்! நிறைய ஆள் ஏறாதே! இது ரொம்ப மோசமான என்ஜின்! நேத்து ரெண்டு பேர் ஏறினான், தண்ணியிலே முழுகிப் பூட்டான்! ஒருத்தன் தொப்பிதான் கிடைச்சுது!"

"யார் அது?" என்றார் திவான்.

கொட்டகையிலிருந்து பொன்னுரங்கன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "என்ஜின் கம்பெனி துரை. பாவம், நேற்றிலிருந்து நடுங்கிக்கொண்டே இருக்கிறார். திவான்வாள், தாங்கள் முதலில் ஏறுங்கள்."

"நானா? இன்று எனக்கு ஏகாதசி விரதமாயிற்றே, தலை சுற்றும்..."

"ஏகாதசி போன வாரமே முடிந்துவிட்டதே?"

"அதன் அசதி இன்னும் தீரவில்லை!"

வித்துவானுக்குத் திடீரென்று தொண்டை கட்டியது. குடைக்காரர் காற்று பலம் என்றார். சாமரக்காரர்களைக் காணவே இல்லை. வெள்ளி நாற்காலியைத் தூக்கிவைக்க ஆள் இல்லை. ராஜாவுக்கும் உள்ளூர உதறல்தான். ஆனால் எதிரே செங்கரை ஜமீன்தார் துண்டோடு நிற்கிறார்! மீசையை முறுக்கிக்கொண்டு ஏறி, வெறும் பலகையில் உட்கார்ந்தார். முன்னால் முத்தழகு. பின்னால், மூடியை ஒட்டி, ஒல்லிக்குச்சி பொன்னுரங்கன்.

வேட்டு வெடித்தது. "டுர்ர்ர்ர்ர்" என்று ஏரியே அதிர்ந்தது. படகு வில்லிலிருந்து விட்ட அம்பாகப் பாய்ந்தது. ராஜாவின் தலைப்பாகை எகிறிப் போனது. ஜமீன்தாரைத் தாண்டும்போது ராஜா தன் அங்கவஸ்திரத்தை அவிழ்த்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

"அடடா, பதினாறு குதிரை! பதினாறும் பஞ்ச கல்யாணி!"

ஜெயித்தாயிற்று. கரை வந்தது. முத்தழகு என்ஜினை நிறுத்தினான்.

"டுர்ர்ர்ர்ர்ர்..."

என்ஜின் நின்றுவிட்டது. சத்தம் நிற்கவில்லை. ராஜா திரும்பினார். பொன்னுரங்கன் வாயை டப்பென்று மூடினான். சத்தமும் டப்பென்று நின்றது.

"பொன்னுரங்கா."

"மகாராஜா?"

"மூடியைத் திற."

"சூடாக இருக்கும் மகாராஜா..."

"திறடா!"

திறந்தான். உள்ளே ஒரு டாங்கி. அதில் ஒரு குழி. ராஜா அதையே உற்றுப் பார்த்தார். மெல்ல வலது காலைத் தூக்கி, கட்டுப்போட்ட கட்டைவிரலைக் குழியில் வைத்தார். செய்துவைத்த மாதிரி கச்சிதமாகப் பொருந்தியது.

"அந்தப் பதினாறு?"

"பெட்டியைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை மகாராஜா. ஆணிகூடப் பிடுங்கவில்லை."

"அப்படியானால் இந்த வேகம்?"

பொன்னுரங்கன் கரையைப் பார்த்தான். ராஜாவும் பார்த்தார். அங்கே வெள்ளி நாற்காலி நின்றது. குடைக்காரர் நின்றார். வித்துவான் நின்றார். எல்லோருக்கும் நடுவே, ஏகாதசி அசதியில், தொந்தியைத் தடவிக்கொண்டு திவான் சபாபதி நின்றார்.

ராஜா விரலைக் குழியிலிருந்து எடுக்காமலே ஒவ்வொருவராக மேலும் கீழும் அளந்தார். திவானிடம் வந்ததும் அவர் மீசை துடித்தது. தோள் குலுங்கியது. படகு ஆடத் தொடங்கியது.

இப்போது நீங்களும் சிரிக்கலாம்.