கேணி மேட்டுப் பானை

சுடலைமுத்து முப்பது வருஷம் ரயில் தபாலில் கடிதம் பிரித்தவர். எந்த ஊர்க் கடிதம் எந்தப் பெட்டிக்குப் போகும் என்பதைக் கண் பார்ப்பதற்குள் அவர் கை தெரிந்துகொள்ளும்.

ஓய்வுக்குப் பிறகு அந்தக் கை ‘நீலக்கேணி’ என்ற வீடியோ கேமில் போய் விழுந்தது. கேணிக்குள் குதித்து, நீருக்கடியில் இருக்கும் குகைகளைத் தேடி, அடியிலுள்ள இருட்டு மண்டபத்தைக் கடக்க வேண்டும். பதினோரு வருஷம் ஆடினார். விளக்கு எங்கே, சாவி எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதுவே வினையாகப் போயிற்று. உயிராக நினைத்த ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது.

இந்த ஆட்டத்தில் அவருக்கு ஆசான் ஜெசிந்தா. வயது இருபத்தாறு. தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். கத்தியே எடுக்காமல் நீலக்கேணியை முடித்தவள். கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்தாலும் அவர் வாய் நிறைய ‘ஆசானே’ என்றுதான் கூப்பிடுவார்.

“ஆசானே, முதல் தடவை ஆடினப்போ நெஞ்சு படபடன்னு அடிச்சுது. அது திரும்ப வருமா?”

ஜெசிந்தா கடைக் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். அவருடைய ஆட்டத்தில் ‘மோட்’ என்கிற மாற்று நிரல் ஒன்றை ஏற்றினாள். பாறையும் வழியும் பழையபடியே இருக்கும். ஆட்டத்தில் கிடைக்கும் பொருட்களை மட்டும் அது குலுக்கி இடம் மாற்றிவிடும். எது எங்கே போனது என்ற பட்டியல் அவள் போனுக்கு வந்தது. அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை.

“மூணு நிபந்தனை சார். கத்தி எடுக்கக் கூடாது. நடுவுல நிறுத்தி வைக்கக் கூடாது. ஒரே உயிர். செத்தா அதோட சரி.”

“நாலாவதை நான் சொல்லுதேன். செத்தா இந்த ஆட்டத்தையே அழிச்சிருவேன். இனி தொடமாட்டேன்.”

சொன்னால் செய்கிற மனுஷன். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டினாள்.

நாலு மணி நேரம் போயிற்று. சுடலைமுத்து இருட்டு மண்டபத்தின் வாசலில் மிதந்தார். கையில் விளக்கு இல்லை. இல்லாமல் நுழைந்தால் சாவு நிச்சயம். திரையின் மூலையில் மூச்சு நாற்பது என்று காட்டியது. முப்பத்தொன்பது.

“எல்லாப் பெட்டியும் திறந்தாச்சு ஆசானே. விளக்கைக் காணோம்.”

“ம்.”

“பட்டியல்ல பார்த்துச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை.”

முப்பத்தேழு.

ஜெசிந்தா போனை எடுத்தாள். அவர் பார்க்கும்படி நீட்டி, பட்டியலை அழித்தாள்.

“அடப்பாவி!” என்றார் சுடலைமுத்து. ஆசான் என்பதே மறந்துவிட்டது. “இனிமே அது எங்க இருக்குன்னு யாருக்குமே தெரியாதே!”

“தெரியாது சார். எல்லாப் பெட்டியும் திறந்துட்டீங்களா?”

“எல்லாம்!”

“குதிக்கிறதுக்கு முன்னாடி?”

“குதிக்கிறதுக்கு முன்னாடி என்ன இருக்கு? மேட்டுல ஒரு பானை. அதுல ஒரு காஞ்ச கருவாடு. அதைப் போய் எவனாவது...”

வாய் அப்படியே நின்றது. முப்பத்துமூன்று.

பதினோரு வருஷமாக அந்தப் பானையில் கருவாடுதான். அதனால் இன்றைக்கும் கை தானாக அதைத் தாண்டிக் குதித்திருந்தது.

மேலே போக இருபத்தைந்து மூச்சாவது வேண்டும். சுடலைமுத்து திரும்பினார். விலாங்கு காவல் காக்கும் சந்தில் மூச்சு பதினெட்டு. கத்தி இல்லை. விலாங்கு வாயைத் திறந்து பாய்ந்தது. அவர் பாறையோடு ஒட்டிக்கொண்டார். வால் உரசிக்கொண்டு போனது. மூச்சு சட்டென்று ஆறு குறைந்தது.

“ஆண்டவரே,” என்றாள் ஜெசிந்தா. அவளும் நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள்.

ஒன்பது. சுற்றுப்படி. ஐந்து. தலைக்கு மேலே வெளிச்சம் தெரிந்தது. இரண்டு.

ஒன்றில் தலை நீருக்கு மேலே வந்தது.

சுடலைமுத்து கரையேறினார். திரையில் கேணி மேடு. அதன் ஓரத்தில் மூடிய பானை.

“இதுலதான் இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா ஆசானே?”

“இப்பவும் தெரியாது. கத்தியில்லாம முடிச்சேன், மேப் பார்க்காம முடிச்சேன். இந்தப் பானையை நான் ஒரு தடவைகூடத் திறந்ததில்ல.”

சுடலைமுத்து பானைக்கு முன்னால் போய் நின்றார். பட்டனில் வைத்த விரல் அழுத்த மறுத்தது. அவர் தன் கையைப் பார்த்தார்.

“இது என்ன ஆசானே, கை இப்படி நடுங்குது?”

“முதல் தடவைல்லா சார். நடுங்கத்தான் செய்யும்.”