தண்டபாணியின் ஃபுல் ஃபிரேம்

கோயம்புத்தூர் கேமரா கடை ஒன்றில் லென்ஸ் துடைக்கிறவள் ரெஜினா. பறவைப் படம் எடுக்கும் நர்ஸ் மேகலா அன்று புதுக் கேமரா வாங்க வந்தார். "பழைய லென்ஸையே போடறதா இருந்தா ஃபுல் ஃபிரேம் வேண்டாங்க, படம் பதியற சென்சார் சின்னதா இருந்தாலே போதும்" என்று ரெஜினா சொல்லிவிட்டாள்.

பக்கத்தில் நின்ற போட்டோ கிளப் தலைவர் தண்டபாணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் கழுத்தில் தொங்கியது பெரிய சென்சார் உள்ள, விலை கூடிய ஃபுல் ஃபிரேம் கேமரா.

"துடைக்கிற உனக்கு என்ன தெரியும்? சின்ன சென்சார் படத்தைப் பார்த்ததுமே கண்டுபிடிச்சிருவேன். நான் ஏமாந்த ஒரே ஒரு படத்தைக் காட்டு. இல்லைன்னா இன்னையோட வேலையை விட்டுப் போயிரு!"

முதலாளி கல்லாவில் சில்லறை எண்ணத் தொடங்கினார்.

"சரிங்க சார். உங்க கேமராவைக் கொடுங்க."

அவர் பரிசு வாங்கிய மயில் படத்தைத் திரையில் கொண்டுவந்து, கீழே இருந்த பட அளவைக் காட்டினாள். "இது சின்ன சென்சார் அளவுங்க." அடுத்த படமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

தண்டபாணியின் முகம் வெளுத்துவிட்டது. "எப்படி?"

"உங்க பழைய சின்ன சென்சார் கேமராவோட லென்ஸை இதுல மாட்டியிருக்கீங்க. அதனால கேமரா சென்சாரோட நடுப்பகுதியில மட்டும்தான் படம் எடுக்குது. உள்ளே பார்க்கறப்ப ஒரு கட்டம் தெரியலைங்களா?"

"மூணு வருஷமா தெரியுது... அழகுக்குப் போட்டிருக்கான்னு நெனச்சேன்."

மேகலா வாயைப் பொத்திக்கொண்டார்.

ரெஜினா கேமராவைப் பதமாகத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"கவலைப்படாதீங்க சார். சென்சார்ல பாதிக்கு மேல இன்னும் புதுசாவே இருக்கு."